கே-17க்குக் கொஞ்சம் விஷம்

ஜூன் 3, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில், கோபதாபம் இல்லாமல் எழுத வேண்டும். "செல்கள் வளரவில்லை" என்று எழுதலாம். "சனியன்கள் வளரவில்லை" என்று எழுத முடியாது. அதற்காகத்தான் இந்த டைரி. மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஓசி டைரி. ஜனவரியிலிருந்து மே வரை காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், அந்த மாதங்களில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நான் மரிய சுகந்தி. ஊர் தூத்துக்குடி, பிழைப்பு கோயம்புத்தூரில், ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் பின்பக்கம் இருக்கும் ஆய்வகத்தில். முனைவர் பட்டத்துக்கு இது நான்காவது வருஷம். என் பொறுப்பில் கே-17 என்று பெயரிட்ட செல்கள் இருக்கின்றன. சினைப்பையில் புற்று வந்த ஒரு நோயாளியின் வயிற்றில் கோத்த நீரிலிருந்து எடுத்து வளர்த்தவை. மருந்துக்கு அசையாதவை. மருந்து உள்ளே நுழைந்த வேகத்தில் அதை வெளியே இறைத்துக் கொட்டும் பம்புகள் அவற்றின் தோல் முழுக்க இருக்கின்றன.

அந்தப் பம்பை ஏமாற்றுவதுதான் எங்கள் வேலை. கொழுப்பால் செய்த, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத உருண்டைகளுக்குள் மருந்தை ஒளித்து அனுப்புகிறோம். கட்டுரைகளில் நானோ துகள் என்று போடுவோம், எங்களுக்குள் பேசும்போது உருண்டைதான். செல் அதைத் தீனி என்று நினைத்து முழுசாக விழுங்கிவிடும். உருண்டைக்குள் மருந்தோடு இன்னொரு சரக்கும் உண்டு. அது புதுப் பம்பு செய்யும் வேலையை நிறுத்திவிடும். உருண்டை பிடிப்பது கூட வேலை பார்க்கும் ஷமீம். செல் வளர்ப்பது நான்.

இது வேலை செய்யும். செய்யாது என்கிறவர்களோடு சண்டை போட நான் எப்போதும் தயார்.

ஒரு வழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். கே-17க்குப் போடும் ரோஸ் நிறச் சாப்பாட்டில் துளி மருந்து கலந்தே இருக்க வேண்டும். நமக்கு மருந்து, அவற்றுக்கு விஷம். விஷத்திலேயே வளர்ந்தால்தான் முரடுகள் முரடுகளாக இருக்கும். வெறும் சாப்பாடு போட்டு வளர்த்தால் நாளடைவில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதுவாகிவிடும். 

ஜூன் 11, செவ்வாய்

ஓர் அம்மாள் இன்று ஆய்வகத்துக் கதவைத் தட்டினார். தட்டினார் என்பது மரியாதைக்கு. தள்ளிக்கொண்டு வந்தார். டிராக் பேண்ட், அதன் மேல் சுடிதார் டாப், தலையில் தொப்பி, கழுத்தில் விசில்.

"ஏனுங் அம்மணி, என்ற வயித்துல எடுத்த செல்லெல்லாம் இங்கதானுங்களே இருக்குது?"

"யாரும்மா சொன்னது?"

"போன வருசம் தண்ணி எடுக்கறப்ப ஆராய்ச்சிக்குக் குடுக்கறீங்களான்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட்டேன். ஐஸ் பொட்டிய எந்த பில்டிங்குக்குக் கொண்டு போறீங்கன்னு அந்த அட்டெண்டரக் கேட்டு வெச்சுக்கிட்டேன். இன்னிக்கு ஊசிக்கு வந்தேன். அப்புடியே ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

செல் யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அதனால்தான் எண். ஆனால் போன வருஷம் எங்களுக்கு அப்படி வந்த பெட்டி ஒன்றே ஒன்றுதான். உள்ளே யாரையும் விடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இத்தினியூண்டா? இதுங்களா என்னைய இந்தப் பாடு படுத்துது?"

பெயர் துளசிமணி. அன்னூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கபடி. ஓய்வு அவருக்குத்தான் வந்திருக்கிறது, விசிலுக்கு வரவில்லை. இன்னமும் அந்தப் பள்ளிப் பெண்களைக் காலையும் மாலையும் ஓட விடுகிறாராம். மருந்தைப் பம்பு வெளியே தள்ளும் கதையைச் சொன்னேன்.

"கபடில உள்ள வந்தவளப் புடிச்சு அமுக்கோணும். இதுங்க புடிச்சு வெளிய தள்ளுதுங்களா? ரூல்சே தெரியாத கழுதைங்க!"

சிரித்துவிட்டேன். கிளம்பும்போது தன் நம்பரைச் சொல்லி என் போனில் பதிய வைத்தார். "அதுங்கள அடிச்சுக் கொன்னீன்னா ஒரு போன் போடு அம்மணி."

நோயாளிகளோடு ஒட்டுறவு வைத்துக்கொள்ளாதே என்பது எங்கள் ஆய்வகத் தலைவர் மணவாளன் சார் சொல்லும் முதல் பாடம். ஒட்டுறவெல்லாம் ஒன்றுமில்லை. நம்பர்தான் இருக்கிறது.

ஜூன் 19, புதன்

பணம் கொடுக்கும் கமிட்டி செப்டம்பரில் வருவதாக இருந்தது. ஆகஸ்ட் 14க்கு மாற்றிவிட்டார்கள். அன்று உருண்டை வேலை செய்கிறது என்று காட்டினால் எலிச் சோதனைக்கு அனுமதி. காட்டாவிட்டால் அடுத்த வருஷம்.

கே-17 ஆமை வேகத்தில் வளர்கிறது. பாத்திரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருண்டு கிடக்கின்றன. பார்க்கவே பாவமாக இருக்கிறது. விஷத்தைத் தின்றுகொண்டே எத்தனை நாள்தான் வளரும்?

இரண்டு வாரம் வெறும் சாப்பாடு போடுகிறேன். கொஞ்சம் பெருகட்டும். பிறகு பழையபடி விஷம். இரண்டு வாரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜூலை 1, திங்கள்

பாத்திரம் நிறைந்து வழிகிறது. மழை கண்ட பயிர் மாதிரி. ராசாத்திகள்!

ஜூலை 9, செவ்வாய்

கேண்டீனில் துளசிமணி டீச்சர். நான் டீ குடிக்கப் போன நேரமும் அவர் ஊசி முடித்து வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அப்படித்தான் அமைகிறது.

இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், சாப்பிடவில்லை. பேச்சில் மட்டும் குறைவில்லை. இந்த வருஷத்து அணியில் கிருத்திகா என்று ஒருத்தி, கால் இருக்கிறது, பயம் இல்லை, புத்தியும் இல்லை என்றார். ஆகஸ்டு பத்தாம் தேதி சனிக்கிழமை மாவட்டப் போட்டி.

"டாக்டரம்மா இந்த ஊசிக்குக் கேக்கலைங்கறாங்க. மாசக் கடைசில வேற மருந்து மாத்தறாங்களாம். அது இதவிடப் பொல்லாததாம். எந்திரிக்க முடியாதாம்." இட்லித் தட்டைத் தள்ளிவைத்தார். "அதென்ன கணக்கோ, சரியா மேட்ச் நேரத்துக்கு வருது. அது கெடக்குது, உன்ற பக்கம் என்ன ஆச்சு? அந்தத் தறுதலைங்க?"

"ஜம்முன்னு வளருதுங்க டீச்சர்."

"வளக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஆய்வகத்து ஜன்னல் இரவெல்லாம் அடித்துக்கொண்டதாம். ஷமீம் புது உருண்டைகளைக் கொண்டுவந்தான். தண்ணீர் கலந்த பால் மாதிரி, லேசாக நீலம் ஓடுகிறது. "கரெக்டா நூறு நானோமீட்டர். ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. அடிச்சு ஆடு சுகந்தி" என்றான். அவனுக்கு அவன் உருண்டைமேல் இருக்கும் பெருமை பெற்ற தாய்க்குக்கூட இருக்காது.

குழிக் குழியான பிளாஸ்டிக் தட்டில் கே-17ஐ நான்கு வரிசையாக விட்டேன். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் காலி உருண்டை. ஒன்றில் உருண்டை இல்லாமல் வெறும் மருந்து. கடைசியில் உருண்டைக்குள் மருந்து. சனிக்கிழமை சாயம் போட்டுப் பார்த்தால் உயிரோடிருக்கும் குழிகள் ஊதாவாகும். செத்தவை வெளுத்துப்போய்க் கிடக்கும். முதல் மூன்றும் ஊதாவாகவும் நான்காவது வெளுத்தும் இருந்தால் எங்கள் கட்சி ஜெயித்தது.

ஜூலை 20, சனி

வெளுத்துவிட்டது! நான்காவது வரிசை முழுக்க, ஒரு குழி பாக்கியில்லாமல். ஷமீம் ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கிவந்தான். நான் ஆய்வகத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று சுற்றுச் சுற்றினேன்.

வெறும் மருந்து வரிசையும் வெளுத்திருக்கிறது. அது ஊதாவாக இருந்திருக்க வேண்டும். மருந்து விடும்போது ஷமீம் அவன் தங்கை கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வரிசைக்கும் உருண்டையையே விட்டிருப்பேன். அடுத்த தடவை அவன் வாய்க்குப் பிளாஸ்திரி.

டீச்சருக்குப் போன் செய்தேன். செய்வதாகச் சொல்லியிருந்தேன், செய்தேன்.

"எல்லாம் செத்துப்போச்சு டீச்சர்!"

அந்தப் பக்கம் விசில் சத்தம், பெண்பிள்ளைகள் கூச்சல். அப்புறம் அதெல்லாம் தூரமாகப் போனது. எங்கோ தள்ளி நடந்து வந்திருக்கிறார்.

"ஒண்ணு உடாமயா?"

"ஒண்ணு விடாம."

"சாமீ..." என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இது கிண்ணத்தில் நடந்தது, அடுத்தது எலி, அதற்கப்புறம் எத்தனையோ சோதனைகள், மனிதர்களுக்கு வர வருஷக்கணக்காகும் என்பதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷத்தில் எதை முதலில் சொன்னேன், எதைச் சொன்னேன் என்று யாருக்கு நினைவிருக்கிறது?

ஜூலை 31, புதன்

டீச்சருக்குப் புது மருந்து ஆரம்பிக்கும் நாள். வார்டுப் பக்கம் வேறு வேலையாகப் போனவள் எட்டிப் பார்த்தேன். அவர் இல்லை. போன் செய்தேன். மைதானத்தில் இருந்தார்.

"மருந்து எங்க ஓடிப்போவுது அம்மணி? இங்க புள்ளைங்க மேட்ச் இருக்குதல்ல."

குரல் கணீரென்று இருந்தது. பிடித்த வேலை கையில் இருந்தால் மனுஷிக்குத் தெம்பு தானாக வந்துவிடுகிறது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வருவார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கேண்டீனில் எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். நேற்று முழுப் பரிசோதனையையும் மறுபடி போட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஷமீமை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். கமிட்டிக்குச் சுத்தமான படம் வேண்டும்.

மதியம் டீச்சரே கூப்பிட்டார். "எலிக்கு எப்பப் போடறீங்க?"

"கமிட்டி சரின்னு சொன்னதும் டீச்சர்."

"எலிக்கு முடிஞ்சா அக்கட்ட மனுசருதானே? ஆவணிக்குள்ள வந்துருமா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சருக்கு எப்போதும் கிண்டல்தான். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் கழித்து.

ஆகஸ்ட் 5, திங்கள்

வெறும் மருந்து வரிசை மறுபடியும் வெளுத்துவிட்டது.

கை தவறவில்லை. ஒவ்வொரு குழியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் விட்டேன். உருண்டையே இல்லாத வெறும் மருந்துக்கு, பழைய, உதவாத மருந்துக்கு, கே-17 ஏன் சாக வேண்டும்?

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. ஷமீம் "டீ?" என்றான். அவன்மீது காட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயம் உண்டு. செல்லுக்குள் போனால் பச்சையாக மின்னும். பம்பு இருக்கிற செல் சாயத்தையும் மருந்தைப் போலவே வெளியே கொட்டிவிடும், இருட்டாகத் தெரியும்.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாத்திரம் முழுக்கப் பச்சை. ஒன்றுவிடாமல் மின்னிற்று. தீபாவளிக்குச் சீரியல் பல்பு போட்ட தெரு மாதிரி அத்தனை அழகு.

பம்பு இல்லை. ஒன்றில்கூட இல்லை. இரண்டு வாரம் என்றுதான் வெறும் சாப்பாடு ஆரம்பித்தேன். நன்றாக வளர்கிறது, நன்றாக வளர்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். விஷத்தைத் திரும்பக் கலக்கவே இல்லை. முரடுகளைச் சீராட்டிச் சாதுவாக்கி, அந்தச் சாதுக்களைக் கொன்றுவிட்டு நாற்காலியில் சுற்றியிருக்கிறேன்.

அவசரக் கோலம் அள்ளித் தெளி என்பார்கள். நான் வண்டி வண்டியாகத் தெளித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மணவாளன் சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எதிரி வேற எங்கயோ இருக்கான். நீ பக்கத்து வீட்டுக்காரன அடிச்சிருக்க."

"ஆமா சார்."

"விஷத்தோட வளத்த பழைய ஸ்டாக் நைட்ரஜன் தொட்டில இருக்கா?"

"இருக்கு சார். ஏப்ரல்ல உறைய வச்சது."

"எடுத்து மொதல்லேருந்து ஆரம்பி. கமிட்டிகிட்ட நான் பேசறேன், ரிசல்ட் இன்னும் இல்லன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தத் தப்ப நிறையப் பேரு கண்டுபிடிக்கவே மாட்டாங்க சுகந்தி. கண்டுபிடிச்சவங்கள்லயும் எத்தன பேரு சொல்லுவாங்க? நீ சொல்லிட்ட. போ, வேலையப் பாரு." 

வாசல் வரை போனவளைக் கூப்பிட்டார். "வெளிய யார்கிட்டயும் சொல்லலயே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே வார்டுக்கு ஓடினேன்.

"கபடி டீச்சரா?" என்றார் நர்ஸ் பெனடிக்டா. "போன வாரம் வரல. நேத்து டாக்டர் கோமளா போன் பண்ணாங்க, மாட்டேனுட்டாங்க. நம்ம ஆராய்ச்சிக் கட்டடத்துலயே புது மருந்து கண்டுபிடிச்சாச்சாம், இன்னும் ஒரு மாசத்துல வந்துருமாம். அதுக்குக் காத்திட்டு இருக்காங்களாம். யாரு சொன்னாங்கன்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் அன்னூர் பஸ் பிடித்தேன். போனில் சொல்ல முடியாது. போனில் சொல்லித்தான் இந்தக் கதி.

பள்ளி மைதானம். செம்மண் கிளறிப் போட்டிருந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் சேரில். ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை அவர். வயிறு மறுபடி கொஞ்சம் மேடிட்டிருந்தது, டாப்புக்கு மேலேயே தெரிந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா அம்மணி! மருந்து வந்துருச்சா?"

நின்றபடியே சொன்னேன். விஷத்தை நிறுத்தியது, முரடுகள் சாதுவானது, செத்தது அவை இல்லை என்பது. சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் நின்றுவிடுவேன்.

விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பெண்கள் நின்றார்கள். "கிரௌண்டச் சுத்தி ஓடுங்க. நான் சொல்ற வரைக்கும்." அவர்கள் ஓடத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்ற வயித்துல இருக்கறது?"

"அது அப்படியேதான் இருக்கு டீச்சர்."

"ஒண்ணு உடாம செத்துப்போச்சுன்னு சொன்னியே? நான் கேட்டேனல்ல, ஒண்ணு உடாமயான்னு?"

"தப்பு என்னோடதுதான்."

"நீ சொன்னயேன்னு டாக்டரம்மாகிட்ட மாட்டேன்னேன். உன்ற பேச்ச நம்பிட்டு... அட கெரகமே!" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் அழுதேன்.

"அழுவாத. புள்ளைங்க பாக்குதுங்க." பின்தங்கி ஓடிய ஒருத்தியைக் கையை வீசி விரட்டினார். "நிசத்தச் சொல்லு. அந்த உருண்டை வேல செய்யுமா செய்யாதா?"

"தெரியாது டீச்சர். செய்யும்னு நம்பறேன். ஆனா தெரியாது. செஞ்சாலும் உங்களுக்கு வர்றதுக்கு வருஷக்கணக்காகும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கு இப்போது நன்றாக நினைவிருக்கிறது, சொல்லவே இல்லை.

"நாளைக்குக் காலைல வார்டுக்கு வாங்க டீச்சர். டாக்டர் கோமளாகிட்டப் பேசிட்டேன். உங்களுக்கு இப்ப இருக்கிற மருந்து அதுதான்."

"நாளைக்குப் போட்டா சனிக்கெழம எந்திரிக்க முடியாது. மேட்ச்சு."

"தெரியும்."

பெண்கள் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவள்தான் கிருத்திகாவாக இருக்க வேண்டும். டீச்சர் கழுத்திலிருந்த விசிலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. நெசமான முரடுங்கள வெச்சு அடி. அடிச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்லு. பாதி செத்தா பாதின்னு சொல்லு. ஒண்ணும் சாவலைன்னா ஒண்ணும் சாவலைன்னு சொல்லு. மறுக்கா பொய்ய மட்டும் சொன்ன..."

நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது விசில் கேட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வந்துவிட்டார். மருந்து ஏறுகிறது. டாக்டர் கோமளாவிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தாமதத்தால் என்ன ஆயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். குறையும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

அன்னூர்ப் பெண்கள் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். இரண்டு புள்ளி. டீச்சர் படுக்கையில் இருந்தே போனில் கத்தியதாகப் பெனடிக்டா சொன்னார்.

ஆகஸ்ட் 14, புதன்

கமிட்டி. எங்கள் முறை வந்தபோது, சார் எழுவதற்குள் நானே எழுந்து பேசினேன். நடந்ததைச் சொன்னேன், மறுபடி செய்கிறோம் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் மட்டும், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நவம்பரில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் என்று சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 29, வியாழன்

தொட்டியிலிருந்து எடுத்த கே-17. விஷத்தோடு சாப்பாடு. அங்கொன்று இங்கொன்று. சுருண்டு கிடக்கின்றன. இரக்கப்படவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். டீச்சருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குரல் செய்தி வந்தது. "காலைலேருந்து வாந்தி அம்மணி. வாழ்த்தெல்லாம் எதுக்கு? முரடுங்க வளந்துச்சா?"

அதையே பன்னிரண்டு தடவை போட்டுக் கேட்டிருப்பேன். இருபதுகூட இருக்கும்.

செப்டம்பர் 23, திங்கள்

சாயம் போட்டுப் பார்த்தேன். கும்மிருட்டு. ஒரே ஒரு செல்கூட மின்னவில்லை. எல்லாம் பம்போடு இருக்கின்றன. இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஷமீமைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒண்ணுமே தெரியலையே" என்றான். "அதேதான்" என்றேன்.

புதன்கிழமை பரிசோதனை. மூன்று தட்டு. வெறும் மருந்து வரிசையை முதலில் பார்ப்பதாக எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

வெறும் மருந்து வரிசை: ஊதா. மூன்று தட்டிலும் ஊதா. முரடுகள் அசையவில்லை.

உருண்டை வரிசை: வெளுத்திருக்கிறது. முழுக்க இல்லை. கருவியில் வைத்து அளந்தோம். பாதிக்கு மேல் செத்திருக்கிறது, முக்கால் இல்லை. ஷமீமுக்கு முகம் விழுந்துவிட்டது. போன தடவை வாங்கிய பால்கோவாவை நினைத்துக்கொண்டானோ என்னவோ. நான் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். எந்த மருந்துக்கும் அசையாதவை, ஊருக்கே அடங்காதவை, அதில் பாதிக்கு மேல்! இது வேலை செய்கிறது. இந்தத் தடவை இது வெறும் நம்பிக்கை இல்லை, எனக்குத் தெரியும்.

டீச்சரை அழைத்தேன்.

"பாதிக்கு மேல செத்துச்சு டீச்சர். முக்கால் இல்ல."

"மீதி?"

"மீதி இருக்கு. அடுத்து அதத்தான் பாக்கணும். உங்களுக்கு மருந்தா வர்றதுக்கு இன்னும் பல வருஷம்."

"தெரியுது, தெரியுது. மூச்ச வுட்டுட்டுச் சொல்லு." அவர் சிரித்தார், அப்புறம் இருமினார். "பாதின்னா கெட்ட ஸ்கோரில்ல அம்மணி."

அக்டோபர் 9, புதன்

காலையில் ஐஸ் பெட்டியோடு அட்டெண்டர் வந்தார். பின்னாலேயே துளசிமணி டீச்சர், தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து. ஷூவைக் கழற்றக் குனிந்தவரை நான் கழற்ற வேண்டாம் என்றேன். கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

"வயித்துல மறுக்கா தண்ணி எடுத்தாங்க. போன தடவ கொடங்கொடமா எடுத்தாங்க. இப்ப ஒரு டம்ளருதான். டாக்டரம்மா மருந்து கேக்குதுங்கறாங்க." பெட்டியைக் காட்டினார். "கையெழுத்துப் போட்டுத்தான் கொண்டாந்திருக்கறேன்."

"எதுக்கு டீச்சர்? அதான் கே-17 இருக்கே."

"அது போன வருசத்து டீமு. அதுங்கள ஜெயிச்சு என்ன பண்ணப் போற? இந்தப் புது மருந்துக்கும் தப்பிச்சதுங்க இதுக்குள்ள இருக்குது. இருக்கறதுலயே பொல்லாததுங்க. இதுங்களோட ஆடு."

"ஜெயிக்காட்டி?"

"ஜெயிக்கலைன்னு வந்து சொல்லு. நான் பாட்டுக்கு ஊசியப் போட்டுக்கிட்டு இருக்கறேன்." கதவருகே நின்று திரும்பினார். "கிருத்திகாவ ஸ்டேட் கேம்புக்கு எடுத்துருக்காங்க. ஜனவரில. நான்தான் கூட்டிட்டுப் போகோணும்." 

அவர் வார்டுக்குப் போனார். நான் பெட்டியைத் திறந்தேன். சுழற்றிப் பிரித்து, பாத்திரத்தில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு மூன்றுதான் தெளிவாகத் தெரிந்தன. அடிபட்டு, சுருங்கி, அப்படியும் உயிரோடு. கை தன்போக்கில் வெறும் சாப்பாட்டுப் பாட்டில் பக்கம் போயிற்று. புதிதாக வந்திருக்கின்றன, இன்றைக்கு ஒரு நாளாவது என்று.

கையை இழுத்துக்கொண்டேன். டீச்சருக்கு ஏற்றுகிற அதே புது மருந்தில் துளி எடுத்துச் சாப்பாட்டில் கலந்து போட்டேன். இன்று அவருக்கும் ஊசி நாள்தான். இந்நேரம் அங்கேயும் ஏறிக்கொண்டிருக்கும்.